எதிரொலிக்காத அறையில் அத்தான்

அன்பு அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்து, மாடி வீட்டுக்காரியோடு தண்ணீர்ச் சண்டை போடும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. அந்த ஊர்க் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு போகிறாயா?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு புதுக் கூத்து. அரசாங்க இடமென்று இத்தனை நாள் நாங்கள் உண்டு, ஒலி அளக்கும் கருவிகள் உண்டு என்று கிடந்தோம். இப்போது வெளிக் கம்பெனிகளோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்ய ஒப்பந்தம் போட ஆரம்பித்திருக்கிறார்கள். முதலில் வந்தது, குறைமாதக் குழந்தைகளை வைக்கிற இன்குபேட்டர் செய்யும் கம்பெனி. அந்தப் பெட்டிக்குள் சூட்டைப் பரப்ப ஒரு குட்டி விசிறி ஓடும். அதன் இரைச்சல் குழந்தைகளைத் தூங்க விடுவதில்லையாம். ஆந்தை எப்படிச் சத்தமில்லாமல் பறக்கிறது தெரியுமா? அதன் இறகோரம் சீப்புப் பல் போல இருக்கும். அதே மாதிரி ஓரம் வெட்டிய விசிறியைச் செய்து கொண்டுவந்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கொண்டுவந்த இன்ஜினியரைப் பார்த்ததும் அதில் பாதி போய்விட்டது. நம் அத்தான்.

கோபப்படாமல் மேலே படி. நீங்கள் பிரிந்த பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். முன்னந்தலையில் வழுக்கை ஏறிவிட்டது. நான் 'சார்' என்றேன், அவர் 'மேடம்' என்றார். இரண்டு பேருமே வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

எங்களிடம் எதிரொலியே இல்லாத அறை ஒன்று உண்டு; உள்ளே நின்றால் நம் நெஞ்சு துடிப்பதே கேட்கும். அங்கே விசிறியை ஓட்டினோம். மெதுவாகச் சுற்றும்வரை நிசப்தம். வேகத்தைக் கூட்டியதும் கொசு மாதிரி ஒரு கீச்சு.

அவர்கள் மேலாளர், "அந்த வேகத்த மட்டும் ரிப்போர்ட்ல விட்டுடலாமே" என்று இழுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "இல்ல சார், எழுதியே ஆகணும். ஒண்ண மறைச்சா, அப்புறம் மறைக்கிறதே வேலையாப் போயிடும். நான் பட்டிருக்கேன்" என்றார். மேலாளர் விருட்டென்று வெளியே போய்விட்டார்.

வேலை போனதை உன்னிடம் சொல்லாமல், மாதக்கணக்கில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்த மனுஷன்தானா இவர் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆனால் அந்தக் கீச்சு எங்களைச் சும்மா விடவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் கழற்றி ஓட்டிப் பார்த்தோம். விசிறிக்கு முன்னால் இருந்த கம்பி வலையை எடுத்ததும் சத்தம் நின்றது! பாவம் விசிறி, அதன்மேல் ஒரு தப்பும் இல்லை. காற்று கம்பியில் பட்டு விசிலடித்திருக்கிறது. "அட!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். வலையின் வடிவத்தை மாற்றியதும் சரியாகிவிட்டது. மேலாளரே வந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கீச்சு வந்ததையும் அதன் காரணத்தையும் அறிக்கையில் அப்படியே எழுதியிருக்கிறோம்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "அவ நல்லா இருக்காளா?" என்றார். "நல்லா இருக்கா" என்றேன். உன் நம்பரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உன்னைக் கேட்காமல் கொடுத்திருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் மறுபடி வருகிறார். அப்போதும் கேட்டால் என்ன சொல்லட்டும்? பேசாதே என்று நீ சொன்னால் வாயைத் திறக்க மாட்டேன். எதுவானாலும் ஒரு வரி எழுது, அக்கா. வேளாவேளைக்குச் சாப்பிடு. எல்லாவற்றையும் தனியாகவே சுமந்துகொண்டிருக்காதே.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
தங்கை