வரலாம்

பிப்ரவரி 3
நைனாவுக்குப் பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம், என்று டாக்டர் சொல்லி நான்கு மாதம். இன்று மரபணுப் பரிசோதனை முடிவு. ஏதோ ஒரு மரபணுவில் ஓரெழுத்து மாறியிருக்கிறது. அது நோய்க்கான வாய்ப்பைக் கூட்டலாம் என்றார் டாக்டர். எனக்கும் அந்த மாற்றம் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அது இருந்தாலும்கூட நோய் வரலாம், வராமலும் போகலாம். அந்த மாற்றம் இல்லாதவர்களுக்கும் வருகிறதாம்.

அப்புறம் எதற்கு இந்தத் தாள்?

பிப்ரவரி 4
லாம். லாம். லாம். தமிழ் எம்.ஏ. படித்தவள், ஒரு விகுதியிடம் தோற்கிறேன். விருந்தாளியையும் 'வரலாம்' என்றுதானே அழைக்கிறோம்.

பிப்ரவரி 9
நைனாவோடு டீக்கடை. கிளாஸ் நடுங்கி, பாதி டீ லுங்கியில். "இன்னா மாமு, காலைலயே ஏத்திக்கினியா?" என்றார் கடைக்காரர் கோதண்டம். குப்பமே சிரித்தது. நைனாவும் சிரித்தார். ஆயுசில் சாராயம் ஒரு சொட்டு தொட்டதில்லை — ஏன் மறுக்கவில்லை?

பிப்ரவரி 12
வீடு முழுக்க பிராந்தி நெடி. வலைப்பைக்குள் ஒரு குவார்ட்டர். நைனா குடிக்கவில்லை. சட்டையில் தெளித்துக்கொள்கிறார். இந்த நோயில் பலருக்கு மூக்குதான் முதலில் போகுமாம்; நைனாவுக்கு மீன் நாற்றமே தெரிவதில்லை. அதனால்தான் அளவு தெரியாமல் ஊற்றியிருக்கிறார்.

கத்தினேன். மெதுவாகச் சொன்னார்: "குடிகாரன் வூடுன்னா பொண்ணு எடுப்பாங்க. எல்லா வூட்லயும் ஒருத்தன் கீறான். ரத்தத்துல கீதுன்னா எவன் வருவான்?"

ஞாயிறன்று எனக்கும் நிதிஷுக்கும் நிச்சயம் பேச, விம்கோ நகரிலிருந்து அவன் வீட்டார் வருகிறார்கள். அதற்குத்தான்.

இன்னா மனுஷன் இவரு.

பிப்ரவரி 13
நிதிஷிடம் சொல்லவேண்டும்.

சொல்லவில்லை.

பிப்ரவரி 16
வந்தார்கள். நைனா தேவைக்கு மேல் தள்ளாடினார். நடிப்பு. நிதிஷின் அம்மா பெரிய மனது பண்ணி என்னிடம், "கண்ணாலத்தன்னிக்கு மட்டும் வோணாம்னு சொல்லு கண்ணு" என்றார். நைனா தலையாட்டினார், பிடிபட்டவர்போல.

தாங்கவில்லை. "அவரு குடிக்கிறதே இல்ல அத்தே. வியாதி. எனக்கும் வரலாம்" என்றேன்.

நிதிஷ் அவன் அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 17
"என் மானத்த நான் வுட்டா உனக்கின்னா?" — நாள் முழுக்க நைனா பேசியது இவ்வளவுதான்.

நல்லது செய்தேனா, வீறாப்பா?

பிப்ரவரி 23
போன் வரவில்லை.

மார்ச் 2
வராது.

குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. காலையில் நைனா தானாகவே டீக்கடைக்குக் கிளம்பினார். சட்டையில் சோப்பு வாசனை. அவருக்குத் தெரியாது. சற்றுத் தள்ளி நடந்தேன்.

பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. கோதண்டம் பெரிய கிளாஸை எடுத்தார். பாதி மட்டும் ஊற்றினார்.

"குட்ச்சிட்டு சொல்லு மாமு. மீதி ஊத்துறேன்."

கிளாஸ் ஆடியது. சிந்தவில்லை.