படிக்கட்டுக்கு ஒரு பொன்னாடை

செமிலிங்

அன்பு மகள் வாசுகிக்கு அம்மா எழுதுவது. முருகன் அருளால் இங்கே எல்லாரும் சுகம், நீ சுகமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது, போன வாரம் அனுப்பிய படத்தில் எலும்பும் தோலுமாக நிற்கிறாய், பெர்த்தில் சோறு கிடைக்காதா.

உன் தங்கை லோகா நாலாம் படிவ வகுப்புக்குப் போய்விட்டாள், ஆசைப்பட்ட அறிவியல் பிரிவே கிடைத்தது. உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சக்கர நாற்காலியில் போகிற பிள்ளையைச் சேர்த்துக்கொண்டாரே என்று தலைமையாசிரியருக்குப் பழத்தட்டு, மாலை, சரிகைப் பொன்னாடை எல்லாம் கொண்டுபோய்ப் போர்த்திவிட்டு வந்தார். கோயில் தலைவருக்குக்கூட அவ்வளவு நல்ல பொன்னாடை போட்டதில்லை. மறுநாள் பார்த்தால் வகுப்பு இரண்டாம் மாடியில், லிப்ட் கிடையாது. தலைமையாசிரியர் ரொம்பக் கருணையோடு, கீழே கணக்கியல் வகுப்பு இருக்கிறது, அதில் சேரட்டும் என்றாராம். படிக்கட்டைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது புது முறை போலிருக்கிறது. டாக்டராக வேண்டும் என்றவள் மாடி ஏறாமல் கணக்கெழுதும் கிராணியாகலாம்.

போய்க் கேளுங்கள் என்றால், பொன்னாடை போட்ட கையால் எப்படிக் குறை சொல்வது என்று அப்பா வாசல் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார், மழை பெய்துகொண்டிருக்கும்போது. லோகாதான் கைப்பேசியில் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தை எடுத்து அவருக்குப் படித்துக் காட்டினாள். குறைபாட்டைக் காரணம் காட்டிப் படிப்பிலிருந்து ஒதுக்கக் கூடாது, வேண்டிய வசதியைச் செய்து கொடுக்க வேண்டும் என்று இருக்கிறதாம். இது அவங்க போடுற பிச்சை இல்லலா அப்பா, என்னோட உரிமை, அதுக்குப் போய் ஏன் மாலை போட்டீங்க என்று அழுதுவிட்டாள். மனிதர் அன்று சாப்பிடவில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு மூவரும் போனோம். அந்தக் கூட்டமும் இரண்டாம் மாடியில்தான்! அப்பா ஏறவில்லை. லோகாவோடு படிக்கட்டடியிலேயே நின்று, என் மகள் இல்லாமல் நான் வர மாட்டேன், கூட்டம் கீழே வரட்டும் என்றார். சங்கத் தலைவர் பரஞ்சோதி முட்டிவலிக்காரர், இதுதான் சாக்கு என்று அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் இல்லாமல் கூட்டம் ஏது, எல்லாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். கூட்டம் இறங்கும்போது வகுப்பு இறங்காதா என்று அப்பா கேட்டார். திங்கட்கிழமை வகுப்பு கீழே வந்துவிட்டது. ஆய்வுக்கூடம் இன்னும் மேலேதான், அதையும் விடப்போவதில்லை.

அன்று காலை தலைமையாசிரியர் வாசலில் நின்று அப்பாவின் கையையே பார்த்தாராம். வெறுங்கை. நன்றிகூடச் சொல்லக் கூடாது என்று லோகா சொல்லிக் கூட்டிப் போயிருந்தாள், அப்பா காலை வணக்கத்தோடு திரும்பிவிட்டார்.

நீ நோய்நொடியில்லாமல் நன்றாக இரு தாயே, நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்று சொல்ல மறந்தேன், அப்பா இன்னொரு பொன்னாடை வாங்கி அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறார், லோகா டாக்டரானதும் அவளுக்குப் போர்த்துவதற்காம். போனில் அவளிடம் உளறிவிடாதே.

ஆசிகளுடன்,
அம்மா யோகேஸ்வரி