பதினேழாம் நாள் பாடசாலைக்கு வந்த பிள்ளை

அனுப்புநர்:
க. வினோதா,
செயலாளர், ஒற்றுமை மரண உதவிச் சங்கம்,
வெண்கல்மலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
டயகம.

பெறுநர்:
கோட்டக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
கோட்டக் கல்விப் பணிமனை,
வெண்கல்மலை.

விடயம்: வீரய்யா நினைவுப் புலமைப்பரிசிலுக்கு செல்வி தனுஷிகாவின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை ஆட்சேபித்தல்

மதிப்புக்குரிய ஐயா,

1. அமரர் வீரய்யா இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் சங்கத்தின் தலைவராக இருந்தவர். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் லயம் லயமாகச் சென்று செய்தி சொல்வதும், குழி வெட்ட ஆள் சேர்ப்பதும், பெட்டிக்கு முதல் தோள் கொடுப்பதும் அவரே. பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மறுநாள் காலை, அதே வீட்டு வாசலில் மறுபடியும் வந்து நிற்பார். "பதினாறு நாள் அழுதாச்சு. இன்னிக்குப் பள்ளிக்கூடம் போவணும், கெளம்பு" என்று சொல்லி, தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளையைப் பாடசாலை வாசல்வரை தானே கூட்டிப்போய் விடுவார். அவர் வராதிருந்தால் அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் கொழும்பில் யார் வீட்டிலோ பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

2. சென்ற ஆண்டு அவர் காலமானார். அவர் பெயரில் புலமைப்பரிசில் ஒன்று தொடங்க, ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்து பறித்துப் பணம் சேர்த்தோம். வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு வரக்கூடாதென்று, தெரிவைத் தங்கள் பணிமனையிடம் ஒப்படைத்தோம். தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைக்கே உரியது என்பதை எழுத்தில் கொடுக்கவில்லை. தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது பணிமனைக்கும் தெரியும் என்று நம்பிவிட்டோம். அது எங்கள் தவறு.

3. தனுஷிகா பத்தாம் தரத்தில் படிக்கிறாள். சென்ற தவணையில் தாயின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே எட்டுப் பாடசாலை நாட்களும், தாய் இறந்தபின் துக்க வீட்டில் பன்னிரண்டு நாட்களும் இருந்தாள். பதினேழாம் நாள் சங்கத்தின் சார்பில் நானே அவளைப் பாடசாலைக்குக் கூட்டிச் சென்றேன். ஆனால் வரவு எண்பது வீதத்துக்குக் குறைவு என்று அவளுடைய விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. நேரில் கேட்டபோது தங்கள் எழுதுவினைஞர், ரூல் அப்படித்தான் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பாடசாலை விடுமுறை பார்த்தா ஐயா தாய் சாக வேண்டும்?

4. தெரிவான மாணவன் தர்ஷன் கெட்டிக்காரப் பிள்ளை. அவனைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவன் தாயும் தகப்பனும் கல்லுக்குண்டாக இருக்கிறார்கள், நீடூழி வாழட்டும். அவனுக்கு வேறொரு பரிசு கொடுங்கள், வந்து கைதட்டுகிறோம். வீரய்யாவின் பெயரில் கொடுக்க வேண்டாம்.

5. தனுஷிகாவை இம்மாத முடிவில் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்ப அவளுடைய மாமா பேசி முடித்துவிட்டார். புலமைப்பரிசில் கிடைத்தால் அனுப்பமாட்டேன் என்று சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறார். ஆகவே, 26ஆம் திகதி நடக்கும் பரிசளிப்புக்கு முன்னர் இத்தெரிவை மாற்றித் தருமாறு கேட்கிறோம். முடியாதென்றால் எங்கள் தலைவரின் பெயரைத் திருப்பித் தாருங்கள். எது நடந்தாலும் அன்று காலை சங்கத்தார் ஒருவரும் கொழுந்து மலைக்குப் போகமாட்டோம். தனுஷிகாவை நடுவில் விட்டு அந்த மண்டபத்துக்கு நடந்தே வருவோம். கதவைப் பூட்டினால் வாசலில் நிற்போம், வாசலில் நிற்பது எங்களுக்குப் பழக்கம்.

6. கடைசியாக ஒன்று. தனுஷிகா படிக்கும் அதே பாடசாலையின் 2003ஆம் ஆண்டு எட்டாம் தர வரவுப் பதிவேட்டைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். என் தகப்பனார் இறந்ததால் நான் வராத நாட்கள் அதில் வரிசையாக இருக்கும். பதினேழாம் நாள் நான் வந்ததும் இருக்கும். அன்று வீரய்யா என்னைக் கூட்டி வந்ததால்தான், இந்த மனுவை எழுத ஆள் தேடாமல் நானே எழுதுகிறேன்.

தங்கள் எழுத்துமூலப் பதிலை எதிர்பார்க்கும்,

க. வினோதா
(ஒப்பம்)

இடம்: டயகம
திகதி: 2025.09.08