வார்டில் கழற்றாத மோதிரம்

சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் திரும்பி வந்துவிடுகிறது. போன வாரம் அக்கா பிள்ளைகளோடு வந்து வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுப் போனாள்.

வீடியோ காலில் என் வெறும் விரலைப் பார்த்து நீ மோதிரம் எங்கே என்று கேட்டபோது விரல் வீங்கியிருக்கிறது என்றேனே, அது பொய். முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்ததால் எழுதுகிறேன். ஆபரேஷன் ஆனவர்களைப் பார்க்கும் வார்டில் மோதிரம், வளையல் கூடாது, எவ்வளவு கழுவினாலும் அடியில் கிருமி தங்கும், கையுறையையும் கிழிக்கும். யார் தவறினாலும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பெரிய டாக்டரானாலும் கோபப்படக் கூடாது என்று எல்லாரையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்ததே தலைமை நர்ஸான நான்தான். ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். உன் முதல் சம்பள மோதிரத்தைக் கழற்ற மனம் வராமல் கையுறைக்குள் மறைத்துக்கொண்டேன். வயிற்றில் ஆபரேஷன் ஆன ஒரு பஸ் டிரைவருக்கு நான்தான் கட்டு மாற்றினேன். அவர் புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது, தையலைப் பிரித்து மறுபடி சுத்தம் செய்தார்கள், அவர் மனைவி வராந்தாவில் அழுததை என்னால் பார்க்க முடியவில்லை. எங்கள் எல்லார் கையையும் பரிசோதித்ததில் என் மோதிரத்தடியில் அதே கிருமி. வார்டைத் துடைக்கிற அம்மாவிலிருந்து பெரிய டாக்டர் வரை மோதிரத்தைப் பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, பையன் வாங்கிக் குடுத்ததுன்னு நீங்க பூரிச்சுப்போறதப் பாத்துட்டு எப்படி சிஸ்டர் சொல்றது என்றாள் இளைய நர்ஸ். என் பெருமையே அவர்கள் வாயை அடைத்துவிட்டது.

அந்த டிரைவர் தேறி எழுந்து நடந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்க கைராசிதான் சிஸ்டர் என்னைக் காப்பாத்துச்சு என்றார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பெரிய டாக்டரிடம் சொன்னேன், பாத்துட்டுச் சும்மா இருந்தது நாங்கதானே, சேந்தே போய்ச் சொல்லுவோம் என்றார். எல்லாரும் டிரைவரின் கட்டிலருகே போய் நின்றோம், நான் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார். பிறகு, கட்டு மாத்த இனிமே வேற யாரையாவது அனுப்புங்க சிஸ்டர் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. உனக்குக் கீழே வேலை செய்பவர்கள் உன் தவறை உன்னிடம் சொல்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள். அக்காவிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. ஆசீர்வதிக்கக் கை தூக்கவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணா.

இப்படிக்கு,
உன் அம்மா