சீவர்ட்சென்கள் பட்டியல்

நொத்தரோய் தீவு, நார்வே
23 செப்டம்பர் 1923

அன்புள்ள யோர்கன்,

நீ கப்பலேறி ஒரு மாதமாகிறது. இங்கே உருளைக்கிழங்கைத் தோண்டி நிலவறையில் கொட்டியாயிற்று. கூரை ஒழுகும் இடத்தைப் போவதற்குள் அடைத்துவிடுகிறேன் என்றாய். அது இன்னும் ஒழுகுகிறது. உன் ஞாபகமாக அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறேன்.

முதலில் நல்ல சேதி. ஏப்ரலில் நமக்குக் குழந்தை பிறக்கும். நீ கிளம்பும்போதே எனக்குச் சந்தேகம்தான். சொல்லியிருந்தால் துறைமுகத்திலேயே அழுதிருப்பாய். உன் கூட்டாளிகள் திமிங்கிலத்தை விட்டுவிட்டு சீசன் முழுக்க உன்னை உரித்திருப்பார்கள்.

அடுத்தது அவ்வளவு நல்ல சேதி இல்லை. புதிய பெயர்ச் சட்டம் நம் ஊருக்கும் வந்துவிட்டது. அப்பா பெயரோடு ஒரு ‘சென்’னை ஒட்டிக்கொண்டு தலைமுறைக்கு ஒரு பெயராகத் திரிந்தது போதுமாம். இனி ஒரு குடும்பத்துக்கு ஒரே பெயர். அதுவே பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நிலைக்கும். பிப்ரவரி இரண்டாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று பாதிரியார் அறிவித்துவிட்டார்.

நீ குல்லிக்கின் மகன், அதனால் குல்லிக்சென். உன்னைக் கட்டிக்கொண்டு நானும் அப்படியே ஆனேன். டாக்னி மட்டும் சீவர்ட்டின் மகள், சீவர்ட்சென். அவளையும் குல்லிக்சென் என்று எழுதலாம் என்று சொன்னேன். கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“முடியாதும்மா. அப்பா எனக்குக் குடுத்துட்டுப் போனது இது ஒண்ணுதான்.”

சீவர்ட் உங்கள் தெற்குத் தீவில் புதைந்து ஐந்து வருஷமாகிறது. அப்போது அவளுக்கு நாலு வயது. அப்பா முகம் ஞாபகமில்லை என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் பெயரை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறாள். தலைப்பு, ‘பிரபலமான சீவர்ட்சென்கள்’. வீடுவீடாகப் போய்ப் பழைய பத்திரிகை வாங்கி வந்து கத்தரிக்கிறாள். பத்திரிகையில் பெயர் வந்திருந்தால்தான் சேர்ப்பாளாம், அதுதான் விதி. பனிச்சறுக்கு ஓட்டக்காரர் ஒருவர், தலைநகரில் பாடும் பாட்டுக்காரி ஒருத்தி, ஒரு பசுவைப் படகில் ஏற்றி டென்மார்க் வரை துடுப்புப் போட்டவர் ஒருவர். நேற்று ஒரு கோழித் திருடனையும் சேர்த்தாள். இவன் எதற்கடி என்றேன். “பேப்பர்ல வந்திருக்காரே!” என்கிறாள். ஒவ்வொருவருக்கும் எதிரே ‘காரணம்’ என்று ஒரு வரி வேறு.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு பெயர், இவளுக்கு ஒரு பெயர் என்றால் இந்த வீட்டில் இவள் விருந்தாளி மாதிரி ஆகிவிடுவாள். இவளை மாற்றினால் ஜென்மத்துக்கும் உன்னை மன்னிக்க மாட்டாள். நீ வீட்டுக்காரன். யோசித்து எழுது.

உன்,
தோரா


திமிங்கில நிலையம், தெற்கு ஜார்ஜியா
14 அக்டோபர் 1923

அன்புள்ள தோராவுக்கு,

போன வாரம் வந்து சேர்ந்தோம். வழி முழுக்கக் கடல் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. சமையல்காரன் மட்டும் நன்றாகத் தூங்கினான், அது சாப்பாட்டில் தெரிந்தது. இங்கே இன்னும் பனி உருகவில்லை. பெங்குவின்கள் எங்களைப் பார்த்து, இவர்கள் மறுபடியும் வந்துவிட்டார்களா என்பது போல் நிற்கின்றன.

வந்ததும் வழக்கம்போல் சீவர்ட்டின் கல்லறைக்குப் போனேன். சிலுவை காற்றில் சாய்ந்திருந்தது. நிமிர்த்தி வெள்ளை அடித்தேன். உன்னைக் கட்டிக்கொண்ட பிறகு அங்கே போய் நிற்க எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. ‘உன் பொண்ணு நல்லா இருக்காடா’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

டாக்னி எனக்கு எழுத மாட்டாள், தெரியும். வீட்டில் இருக்கும்போதே என்னிடம் உப்பு வேண்டுமென்றால் உன்னிடம்தானே சொல்லிக் கேட்கிறாள். நான் விசாரித்ததாகச் சொல். கட்டாயப்படுத்தாதே.

அடுத்த கப்பலில் உன் கடிதம் வரும் என்று எதிர்பார்த்திருக்கிறேன். கூரையைப் பற்றி எழுதாதே.

உன்,
யோர்கன்


தெற்கு ஜார்ஜியா
11 டிசம்பர் 1923

என் தோரா,

உன் செப்டம்பர் கடிதம் முந்தாநாள்தான் கைக்கு வந்தது. எப்படி வந்தது என்று கேள். மலைக்கு அந்தப் பக்கத்து நிலையத்தில் பீப்பாய் செய்கிறவன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயரும் யோர்கன் குல்லிக்சென். தபால்காரன் அவனிடம் கொடுத்துவிட்டான். அவனும் பிரித்துவிட்டான். ‘ஏப்ரலில் நமக்குக் குழந்தை பிறக்கும்’ என்று படித்ததும் பீப்பாய் மேலேயே உட்கார்ந்துவிட்டானாம். அவன் ஊருக்குப் போய் இரண்டு வருஷமாகிறது! கடைசியில் ‘தோரா’ என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்ததாம். அவன் மனைவி பெயர் பெத்ரா.

ஒரு மாதம் புயல். வானம் தெளிந்ததும் பனிமலை ஏறி நான்கு மணி நேரம் நடந்து வந்து அவனே கடிதத்தைக் கொடுத்தான். “மன்னிச்சுக்கப்பா, முழுசா படிச்சுட்டேன்” என்றான். “உன் பொண்டாட்டி நல்லாத்தான் எழுதுறா. முதல்ல அந்தக் கூரையச் சரி பண்ணு.” காபி குடித்துவிட்டுப் போனான். நான் அப்பாவாகப் போவது எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிட்டது. போகட்டும். எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் அவனையும் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

இப்போது பெயர். ஒரு பகல் முழுக்கக் கத்தியைப் பிடித்துக்கொண்டு அதையே யோசித்தேன். மேஸ்திரி இரண்டு தடவை திட்டினார்.

தோரா, என் அப்பா குல்லிக்கைப் பற்றி உன்னிடம் நான் அதிகம் சொன்னதில்லை. குதிரைக்கு வைத்திருந்த சாட்டைதான் எங்களுக்கும். அம்மா சாகும்போது அவள் மணிக்கட்டு கோணலாக இருந்தது. அது பிறவியிலேயே அப்படி இல்லை. இத்தனை வருஷமும் ஒவ்வொரு காகிதத்திலும் ‘குல்லிக்கின் மகன்’ என்று கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன். வழக்கம் அது, வேறு வழியில்லை. என்னோடு முடிந்துவிடும், என் பிள்ளை ‘யோர்கனின் பிள்ளை’ ஆகிவிடும் என்று ஒரு ஆறுதல் இருந்தது. இந்தச் சட்டம் அதையும் பிடுங்கிக்கொண்டது. இனி எந்தப் பெயரைப் போடுகிறோமோ அது நிரந்தரம். அந்த ஆளை என் வீட்டு வாசலில் நிரந்தரமாக நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொன்று உனக்கும் தெரியாது. டாக்னி பிறந்த சேதி சீவர்ட்டுக்கு இங்கேதான் கடிதத்தில் வந்தது. சாப்பாட்டு மேசைமேல் பூட்ஸோடு ஏறி நின்றான். “டேய்! சீவர்ட்டோட பொண்ணுடா! டாக்னி சீவர்ட்சென்!” என்று கத்தினான். சூப்புத் தட்டு என் மடியில் கவிழ்ந்தது. அன்று அவன் முகம் எப்படி இருந்தது என்று நீ பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. நம் வீட்டில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பெயரை அழித்துவிட்டு நான் எப்படி அவன் சிலுவைக்கு வெள்ளை அடிக்கப் போவேன்?

ஆகவே இப்படிச் செய்வோம். அவள் மாற வேண்டாம். நாம் மாறுவோம். நீ, நான், பிறக்கப்போகிறது, எல்லாரும் சீவர்ட்சென். பாதிரியார் ஏன் என்று கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. சாட்சிக்கு இரண்டு பேர் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இங்கே சேதி பரவிவிட்டது. “அவன் உன்னைவிட மூணு வயசு சின்னவன், நீ அவனுக்குப் புள்ளையா?” என்று திமிங்கிலம் உரிக்கும் மேடையில் ஒரே சிரிப்பு. “ஆமாடா, மரியாதையான புள்ளை, வருஷாவருஷம் கல்லறைக்குப் போறேன்ல?” என்றேன். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

டாக்னியிடம் அந்தச் சாப்பாட்டு மேசைக் கதையைச் சொல். சூப்பையும் சொல். மற்றதை அவளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

உன்,
யோர்கன்


நொத்தரோய்
13 ஜனவரி 1924

அன்புள்ள யோர்கன்,

உன் அக்டோபர் கடிதத்துக்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. பக்கத்து வீட்டு ஹெடாவுக்கு அவள் புருஷனின் நவம்பர் கடிதம் வந்துவிட்டது. அதே தீவு, அதே கப்பல். உனக்கு மட்டும் மை உறைந்துவிட்டதா?

நான் கேட்டது உன் மனதைப் புண்படுத்திவிட்டதோ என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போகிறது. உன் பெயரை வேண்டாம் என்று சொல்கிற பிள்ளை, அதைக் கடிதத்தில் எழுதுகிற பெண்டாட்டி. வேறு ஆணாக இருந்தால் கப்பலை விட்டு இறங்கவே மாட்டான்.

போன வாரம் பள்ளியில் புதுப் பெயர்களை எழுதித் தரச் சொன்னார்கள். இவள் தன் பழைய பெயரையே எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள். வீட்டில் நான் அதட்டினேன். “யோர்கனுக்கு அவர் பேரு இருக்கு, உனக்கும் அதான் இருக்கு, வரப்போற பாப்பாவுக்கும் இருக்கும். எனக்கு யாரு இருக்கா?” என்றாள். நான் அறைந்துவிட்டேன். யோர்கன், இதுவரை அவளை நான் அடித்ததே இல்லை. அவள் அழவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் அடுப்படியில் நின்று அழுதேன்.

உன் பதில் வராவிட்டால் இரண்டாம் தேதி குல்லிக்சென் என்றே கையெழுத்துப் போட்டுவிடுவேன். உன் பெயரை விட்டுக்கொடுத்தாள் என்று நாளைக்கு நீ நினைக்கக் கூடாது. அதற்கு மேல் எனக்குத் தெம்பில்லை.

தோரா


நொத்தரோய்
2 மார்ச் 1924

என் யோர்கன்,

பிப்ரவரி இரண்டாம் தேதி கையெழுத்துப் போட்டேன். ஆறாம் தேதி உன் கடிதம் வந்தது. நின்றபடியே படித்தேன், அப்புறம் உட்கார்ந்து படித்தேன். சால்வையைப் போட்டுக்கொண்டு, இந்த வயிற்றோடு, பனியில் பாதிரியார் வீட்டுக்கு நடந்தேன். டாக்னியையும் இழுத்துக்கொண்டுதான். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை.

பாதிரியார் முகத்தைச் சுளித்தார். “பேரேட்டுல ஏத்தியாச்சும்மா. பேரு என்ன, தொப்பியா, தினம் மாத்த?” என்றார். நான் கடிதத்தை நீட்டினேன். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “இத நான் சத்தமாப் படிக்கலாமா?” என்று கேட்டார். என்னிடம் இல்லை, டாக்னியிடம். அவள் தலையசைத்தாள்.

மற்றதைச் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டார். சாட்டை, மணிக்கட்டு, மேசை, பூட்ஸ், சூப்பு, உன் கல்லறைப் பேச்சு, எல்லாம். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

திரும்பும் வழியில் பாதித் தூரம் வந்ததும் அவள், “சூப்பு சூடா இருந்துச்சா?” என்று கேட்டாள். தெரியலையே, யோர்கனைத்தான் கேக்கணும் என்றேன். “வரட்டும், கேக்கறேன்” என்றாள். அப்புறம் வழுக்கும் இடமெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாதிரியார் பழைய வரியின் மேல் கோடு போட்டுப் புதிதாக எழுதினார். பெயர் மாற்றத்தைப் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். வியாழக்கிழமை வந்தது. மூன்றே வரி, மீன்வலை விளம்பரத்துக்கு அடியில். நான் பார்ப்பதற்குள் பத்திரிகையில் ஒரு ஓட்டை இருந்தது.

சாயங்காலம் நோட்டு அடுப்படி மேசையில் திறந்து கிடந்தது. நான் பார்க்க வேண்டும் என்றுதான் வைத்திருப்பாள். கடைசிப் பக்கத்தை உனக்கு அப்படியே எழுதி அனுப்புகிறேன். சீக்கிரம் வந்து சேர். வயிற்றிலிருக்கும் சீவர்ட்சென் நன்றாக உதைக்கிறது. கூரை இன்னும் ஒழுகுகிறது.

உன்,
தோரா சீவர்ட்சென்

10. ஹன்னா சீவர்ட்சென். பாட்டுக்காரி. காரணம்: ராஜா கைதட்டினார்.

11. ஓலுஃப் சீவர்ட்சென். கோழித் திருடன். காரணம்: பதினாலு கோழி.

12. யோர்கன் சீவர்ட்சென். நொத்தரோய். திமிங்கிலம் உரிக்கிறவர். எங்கள் வீட்டில் இருக்கிறார். காரணம்: மற்ற எல்லாருக்கும் இந்தப் பெயர் பிறக்கும்போதே கிடைத்தது. இவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.