கோமதியம்மாள் வீட்டுக் கைத்துப்பாக்கி

பசுவந்தனை
24-2-78

அன்புள்ள அத்தானுக்கு, சுந்தரி எழுதிக்கொண்டது.

நானும் பிள்ளை சுப்புத்தாயும் சுகம். பருத்தி எடுப்பு முடிந்ததால் கடையில் வியாபாரம் சுமார். நீங்கள் இரண்டு ஞாயிறாக வரவில்லை. கோவில்பட்டி லேத்துப் பட்டறையில் அப்படி என்ன தலைபோகிற வேலை என்று உங்களோடு வேலை பார்க்கும் கிட்டு அண்ணாச்சியிடம் கேட்டேன். "கழுகுமலைப் பக்கத்துப் பெரிய வீட்டம்மா பழைய கைத்துப்பாக்கி ஒண்ணு கொண்டாந்திருக்காவ. ஒங்க வீட்டுக்காரர் அதை மடியில வச்சுத் தொடச்சிக்கிட்டே இருக்காவ, தாயி" என்றார். பெற்ற மகளை நீங்கள் அப்படி மடியில் வைத்து நான் பார்த்ததில்லை. எரிச்சலாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

உங்கள்
சுந்தரி

கோவில்பட்டி
3-3-78

அன்புள்ள சுந்தரிக்கு,

இரும்பைப் பார்த்தா பொறாமைப்படுவாய்? அது நூறு வருஷத்துக்கு முந்தியது. தோட்டா கிடையாது. ஆறு அறையிலும் வெடிமருந்து கிட்டித்து, பின்னால் பொறி கிளப்பக் கேப்பு வைக்கவேண்டும். குதிரை என்கிற சுத்தி கேப்பைத் தட்டும் நேரம் அறை குழலுக்கு நேராக நிற்கவேண்டும். அரை நூல் விலகினாலும் பிடித்தவன் கை போய்விடும். அதைத்தான் சரிசெய்தேன்.

அந்தப் பெரிய வீட்டம்மா கோமதியம்மாளின் வீட்டுக்காரர் இறந்தபின் அய்யனார் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வேட்டுப் போட ஆளில்லை. லைசென்ஸ் இப்போது அவர்கள் பேரில். செவ்வாயன்று துப்பாக்கியைப் புளியமரத்தில் இறுக்கிக் கட்டி, நாங்கள் சுவருக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுத்தோம். ஒவ்வொன்றாக ஆறும் சுத்தமாக வெடித்தன.

செப்பனிட்டவனே முதல் வேட்டுப் போடவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். பழுதிருந்து துப்பாக்கியே வெடித்தால் அவன் கையிலேயே வெடிக்கட்டும் என்றுதான். வரும் செவ்வாய் எனக்குக் காப்புக் கட்டுகிறார்கள். கொடை முடியும்வரை வீட்டுக்கு வரக்கூடாது.

சண்முகராஜ்

பசுவந்தனை
8-3-78

அன்புள்ள அத்தானுக்கு,

காப்புக்கு முன்னால் ஒரு ஞாயிறு இருந்ததே, அன்றைக்கு ஏன் வரவில்லை?

"நாங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் என்றால் நானும் அதில் இருப்பேன். நாங்கள் என்றால் நான் வெளியே. அந்த நாங்களில் யார் யார்? ஒரு கயிற்றை இழுக்க எத்தனை பேர் வேண்டும்?

கை பத்திரம்.

சுந்தரி

கோவில்பட்டி
10-3-78

சுந்தரிக்கு,

பொருளுக்குச் சொந்தக்காரர் கூட நிற்கமாட்டாரா? ஒரு வார்த்தையைப் பிடித்துத் தொங்காதே. சந்தேகமிருந்தால் கொடைக்கு வந்து உன் கண்ணாலேயே பார்.

சண்முகராஜ்

பசுவந்தனை
15-3-78

சண்முகராஜ் அவர்களுக்கு,

கல்யாணமான நாள் முதல் வாயால் சொல்லாத பேர். இன்று எழுதிவிட்டேன். 

நீங்கள் சொன்னபடியே கொடைக்கு வந்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வளையல் கடைப் பக்கம் நின்றேன். நீங்கள் துப்பாக்கியைத் தூக்கியபோது, அந்தக் கைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று அய்யனாரை வேண்டினேன். பொறாமையெல்லாம் அப்போது எங்கே போயிற்றோ தெரியவில்லை.

வேட்டுச் சத்தம் கேட்டதும் பெண்கள் குலவையிட்டார்கள். பிள்ளை வீறிட்டு அழுதாள். சனமெல்லாம் புகையை அண்ணாந்து பார்த்தது. நீங்கள் திரும்பிக் கோமதியம்மாளைப் பார்த்தீர்கள். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உங்களைப் பார்த்தார்.

இத்தனை நாள் பைத்தியக்காரி மாதிரி அந்த இரும்பின் மேல் பொறாமைப்பட்டுக் கொண்டிருந்தேன். நேற்று நீங்கள் அதைப் பார்த்திருந்தால்கூடச் சிரித்துக்கொண்டே உங்கள் பக்கத்தில் வந்து நின்றிருப்பேன். நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை.

காப்பை அவிழ்த்தபின்னும் இங்கே வரவேண்டாம்.

கல்யாணசுந்தரி