அக்கா தெரிந்தெடுத்த சின்னக் கமரா

அக்கா,

நேற்றுப் பின்னேரம் உங்கள் மகள் உட்துறைமுக வீதியோரம் நின்று, கைத்தொலைபேசியை உயர்த்தித் துறைமுகத்தைப் படம் எடுத்தாள். தூரத்தில் கடற்படைக் கப்பல்கள் இரண்டு நின்றன. "பிள்ளை, அதை இறக்கு" என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. "ஏன் மாமா?" என்று திரும்பினாள். பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பமும் அதே கப்பல்கள் பின்னால் தெரியச் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டுதான் நின்றது. வெயில் எதிரே அடிக்கிறது, படம் கறுத்துவிடும் என்று சமாளித்தேன். மாமா படக்காரன், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள்.

அவள் கனடாவிலிருந்து உங்கள் சாம்பலைக் கொண்டுவந்திருக்கிறாள். திருகோணமலைக் கடலில்தான் கரைக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்களாம். இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். இந்தக் கடலை எந்த முகத்தோடு கேட்டீர்கள்?

போர் நிறுத்தம் வந்து, பாதைகள் திறந்து, வெளிநாட்டிலிருந்தவர்கள் எல்லாம் ஊர் பார்க்க வரத் தொடங்கியிருந்த காலம் அது. அத்தான் வன்னிக்குப் போய்த் திரும்பாமல் விட்டபிறகு, நீங்கள் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். அப்பா விட்டுப்போன ஸ்ரூடியோவில் பின் அறை எனக்கு, முன் அறை உங்களுக்கு. நான் அடையாள அட்டைப் படமும் கலியாணப் படமும் எடுத்தேன். நீங்கள் கொம்பியூட்டரில் சனத்துக்கு விண்ணப்பங்கள் அடித்துக் கொடுத்தீர்கள். கிழமையில் இரண்டு நாள் லோஞ்ச் படகு ஏறி, துறைமுகத்தைக் கடந்து மூதூருக்குப் போய், அங்கே பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பித்தீர்கள்.

கனடாவிலிருந்து சித்தப்பா வரப்போகிறார் என்றதும் நான் ஒரு டிஜிட்டல் கமரா கேட்டேன். கலர் பிலிம் கழுவக் கொழும்புக்குப் போய்வர வேண்டியிருந்த எனக்கு அது பெரிய கனவு. நீங்கள் வேறொன்றைக் கேட்டீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கொம்பியூட்டர். அதன் தலையில் விரலளவு கமரா ஒன்றைச் செருகலாம். சித்தப்பா இரண்டைப் பற்றியும் அச்சடித்த தாள்களைத் தபாலில் அனுப்பிவிட்டு, ஒன்றுதான் கொண்டுவர முடியும், இரண்டு பேரும் கதைத்து முடிவு சொல்லுங்கள் என்றார்.

நாங்கள் கதைத்தோமா, சண்டை பிடித்தோமா? அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "ஆறுது, ரெண்டு பேரும் வாங்கோ" என்று குசினியிலிருந்து கூப்பிடுவார். நாங்கள் அந்தத் தாள்களின் மேல் குனிந்தபடி இருப்போம். உங்கள் சாமான் எடுக்கும் படம் எவ்வளவு மங்கல் என்பது அந்தத் தாளிலேயே போட்டிருந்தது. "அக்கா, இதில எடுத்தா மூக்கு எது வாய் எது எண்டு தெரியாது" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். கமராவால் படம் மட்டும்தான் எடுக்கலாம், இதில் பெயர் விலாசமும் வைக்கலாம், பிள்ளைகளுக்குக் காட்டிப் படிப்பிக்கவும் உதவும் என்று அடுக்கிக்கொண்டே போனீர்கள். எதற்கும் நான் மசியவில்லை. கடைசியாக ஒன்று சொன்னீர்கள்.

"நீ கமராவைத் தூக்கிக்கொண்டு நிலாவெளி, சாம்பல்தீவு எண்டு கலியாண வீடுகளுக்குப் போறனி. ஒவ்வொரு ஆமிச் சென்ரியிலயும் உன்னை இறக்கி வைச்சுக் கேள்வி கேக்கிறாங்கள். இதைக் கண்டா கல்குலேற்றர் எண்டு விட்டிடுவாங்கள். எனக்கு நீ சுகமா வீடு வந்து சேரவேணும் தம்பி."

அதில்தான் விழுந்தேன். என்மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்தேன். சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, சின்னதையே கொண்டுவாருங்கள் என்று நானே சொன்னேன்.

வந்தது. அதில் எடுத்த முதற்படம் உங்கள் மகள் மாம்பழம் சூப்புவது. மழைக்குள்ளால் பார்த்ததுபோல் இருந்தது முகம். அது என் தொழிலுக்கு உதவாது என்று அன்றைக்கே விளங்கிவிட்டது. நான் பழைய பிலிம் கமராவோடேயே இருந்துவிட்டேன். மூதூருக்குப் போகும் நாளெல்லாம் அது உங்கள் கைப்பைக்குள் போனது. பாடம் நடத்தத்தான் என்று நினைத்தேன். வேறு என்ன நினைக்க?

பிறகு சமாதானம் மெல்ல மெல்லப் பழுதாகியது. சந்தையில் வெடி, தெருவில் சூடு என்று தொடங்கியது. சித்தப்பா உங்களுக்கும் பிள்ளைக்கும் விசா சரிக்கட்டியிருந்தார். கொழும்புக்கு வெளிக்கிட்ட காலையில் அந்தச் சின்னச் சாமானை உங்கள் கைலேஞ்சியில் சுற்றி என் மேசை லாச்சிக்குள் வைத்தீர்கள். "இது இங்கயே இருக்கட்டும். கொழும்பில இதோட திரிய ஏலாது" என்றீர்கள். நான் ஓம் என்றேன். சில நாள் கழித்துத் தொலைபேசியில், அடுத்த கிழமைதான் பிளேன், அதுவரை கொழும்பில் தெரிந்தவர்களோடு நிற்கிறேன் என்று சொன்னீர்கள்.

அதற்கு மறுநாள் ஆமிக்காரர் எங்கள் தெருவைச் சுற்றி வளைத்துக் கடைகடையாகச் சோதித்தார்கள். லாச்சியை இழுத்தவன் லேஞ்சியை அவிழ்த்தான். அவர்களுடைய அதிகாரி ஒருவருக்கு அந்தச் சாமான் பழக்கமாக இருந்தது. இயக்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். மாம்பழம் சூப்பும் பிள்ளை. மூதூர்ப் பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகு கடல், லோஞ்சின் கம்பி, கம்பிக்கு அப்பால் கடற்படை இறங்குதுறை, சாம்பல் நிறப் படகுகள். திரும்பத் திரும்ப அதே படகுகள். அவரோடு சேர்ந்துதான் அக்கா நானும் அவற்றை முதன்முதலாகப் பார்த்தேன்.

யாருடையது என்று கேட்டார். நீங்களும் பிள்ளையும் இன்னும் கொழும்பில் நிற்கிறீர்கள் என்பது மட்டும்தான் என் தலைக்குள் இருந்தது.

"என்ர" என்றேன்.

நீங்கள் அப்போது கனடாவில் சித்தப்பா வீட்டில் இருந்தீர்கள். எனக்குச் சொன்ன நாளுக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்பதைப் பல மாதம் கழித்துச் சிறைக்குப் பார்க்க வந்த அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அடுத்த கிழமைதான் பிளேன் என்ற அந்தத் தொலைபேசிக் கதையையும் அங்கிருந்துகொண்டுதான் கதைத்திருக்கிறீர்கள்.

உள்ளே நடந்தவற்றை உங்களுக்கு எழுதப்போவதில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் முழுதாக மடங்காது. அவ்வளவு போதும். வழக்கு நடந்தபோது அந்தப் படங்களைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார்கள். பெரிதாக்கப் பெரிதாக்க அவை கட்டம் கட்டமாக உடைந்தன. இதில் தெரிவது போர்ப் படகா, மீன் வள்ளமா என்று எங்கள் வழக்கறிஞர் கேட்டார். யாராலும் அறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடைசியில் அதுதான் என்னை வெளியே விட்டது. நான் கேட்ட கமராவை வாங்கி நீங்கள் அதில் எடுத்திருந்தால் இன்னும் உள்ளேதான் இருந்திருப்பேன். இதை நினைத்து ஒருநாள் தனியே சிரித்தேன். அம்மா பயந்துபோனார்.

வெளியே வந்த கிழமை உங்களுக்குத் தொலைபேசி எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? சுகம் விசாரித்து முடிய, "அக்கா, அந்தச் சின்னக் கொம்பியூட்டர்..." என்று தொடங்கினேன்.

"எது தம்பி? அப்பிடி ஒண்டு எங்களிட்ட இருந்ததே?" என்றீர்கள். அந்த மூச்சிலேயே அம்மாவின் கால்வலி எப்படி என்று கேட்டீர்கள். நானும் கால்வலியைப் பற்றிச் சொன்னேன்.

உங்களை இயக்கக்காரர் யாரோ வெருட்டியிருக்கலாம். அத்தான் உயிரோடு இருக்கிறார், படம் கொண்டுவந்தால் காட்டுகிறோம் என்று ஆசை காட்டியிருக்கலாம். நீங்களாக விரும்பியே செய்துமிருக்கலாம். இத்தனை வருடமாக ஒவ்வொன்றையும் மாறி மாறி நம்பிப் பார்த்துவிட்டேன். எதுவாக இருந்தாலும் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது அந்தத் தாள்களின் மேல் குனிந்திருந்த நாட்கள்தான். எனக்குத் தம்பி பத்திரமாக வீடு வரவேணும் என்று வாய் சொல்ல, மனம் அந்த நேரமே மூதூர் லோஞ்சில் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று கணித்துக்கொண்டிருந்ததே. என்னிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால், பயத்தில் மாட்டேன் என்றாவது சொல்லியிருப்பேன். அதைச் சொல்லக்கூட எனக்கு இடம் விடவில்லை நீங்கள்.

"அவளிட்ட ஒண்டும் கேளாத, பிள்ளைக்காரி" என்று அம்மா சாகும்வரை சொன்னார். கேட்கவில்லை. நீங்கள் உண்மையாகவே மறந்துவிட்டீர்களோ என்றுகூட ஒரு காலம் நினைத்தேன். பயம் மனிதரை அப்படியும் மறக்கச் செய்யும் என்று எனக்கு நானே ஆறுதல் சொன்னேன்.

இன்றைக்குக் காலை கோயிலுக்குக் கீழே கடலில் உங்களைக் கரைத்தோம். ஐயர் உங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். தாய்மாமன் முறையில் பக்கத்தில் நின்று நான்தான் சொன்னேன். ஈரத்தோடு படியில் வந்து இருந்தபோது மகள் சொன்னாள்:

"அம்மா கடைசியில உங்களைப் பற்றித்தான் கதைச்சவ. மாமா ஏதும் கேட்டா ஒண்டும் தெரியாதெண்டு சொல்லு எண்டவ. எனக்கு உண்மையாவே ஒண்டும் தெரியாது. என்ன மாமா அது?"

ஆக, மறக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் அந்தக் கதவை ஒருக்கால் இழுத்துப் பார்த்துப் பூட்டிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள்.

நான் வேட்டி நுனியைப் பிழிந்தேன். அவள் விடவில்லை. "நீங்கள் ஜெயிலில இருந்தனீங்களாமே. ஏன் பிடிச்சவங்கள்?" என்று கேட்டாள். சாம்பல் பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். தகப்பனை அவளுக்கு ஞாபகம் இல்லை. உங்களைத் தவிர அவளுக்கு யாரும் இருந்ததில்லை.

"அந்த நேரம் எல்லாரையும்தான் பிடிச்சவங்கள், பிள்ளை. கடையில கிடந்த ஏதோ சாமானைக் கண்டு பிழையா விளங்கிட்டாங்கள்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது" என்றேன்.

அவள் ஆறுதலாகி என் தோளில் சாய்ந்தாள். நீங்கள் சொன்ன பொய்தான் அக்கா அது. இனி அதை நான் காவிக்கொண்டு திரியவேண்டும். உங்களுக்காக இல்லை, அவளுக்காக.